பதினோராவது வயர்

பெர்னடெட் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டால், கேட்டவரைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். நானும் அவரை நல்லவர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய மேசைக்கு நேர் எதிரே என் மேசை. அவர் திரையைப் பார்க்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கலாம். அப்படி இருந்து கண்டதுதான் இது.

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் ஒழுங்கைக்குள், கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள். நோர்வேயில் முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் செய்கிறோம். எந்தத் தாதி எந்தக் கிழவரின் கதவை எத்தனை மணிக்குத் தட்டவேண்டும் என்று காட்டுவது அதன் வேலை. புதிதாக ஏதும் செய்தால் அதை முதலில் ஒரு பரிசோதனைச் சேவரில் போடுவோம். அவர்கள் அங்கிருந்து பார்த்துச் சரி பிழை சொல்வார்கள்.

சேவர்கள் எல்லாம் பெர்னடெட் அக்காவின் பொறுப்பு. அறையின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பது என்னவோ ஒரே ஒரு பெரிய இயந்திரம்தான். ஆனால் அதற்குள் பல இயந்திரங்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பெரிய வீட்டைப் பலகையால் மறித்துப் பல குடும்பங்களை இருத்தியது போல. மெய்நிகர் இயந்திரம் என்பார்கள் படித்த இடத்தில். நாங்கள் வி.எம். என்போம். பரிசோதனைச் சேவரும் அப்படி ஒரு வி.எம். தான். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டும். ஒன்றின் முகவரி இன்னொன்றுக்குப் போனால் இரண்டுமே உருப்படாது. முகவரி கேட்டுப் போகிறவனிடம் பெர்னடெட் அக்கா என்ன தேவைக்கு என்று கேட்பார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பார். போனமுறை தந்ததை என்ன செய்தனீர் என்றும் கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பயந்து பலர் முகவரியே கேட்கமாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் கேட்டது, "உமக்கு வாய் இருக்கோ?" என்று. நான் இருக்கிறது என்பதாகத் தலையை ஆட்டினேன். அவர் பிறகு நெடுங்காலம் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

மீன்பிடி ஊரான குருநகர்ப் பெண் அவர். தகப்பன் நண்டு வலை போட்டவர், இப்போது இல்லை. தாய் லூர்த்தம்மா இருக்கிறார், முழங்கால் இயலாமல். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பெர்னடெட் அக்கா ஒரு சிறுபிள்ளை. ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கிய காலம் அது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாம் அதற்குள். ஓடவேண்டி வந்தால் பிள்ளையை ஒரு கையிலும் பையை மறுகையிலும் எடுப்பது வழக்கம். லூர்த்தம்மா அன்று இரண்டு கையாலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். பை போய்விட்டது. பிறகு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எடுத்த பிரதியில் மகளின் பிறந்த நாள் வேறாக இருந்தது. அதைத் திருத்தப் பல வருடம் அலைந்து, அந்த அலைச்சலில் ஒரு பரீட்சையும் தவறியது. இன்றைக்கும் அவர் பிறந்த நாள் என்று கேக் வெட்டினால், "உது கச்சேரிக்காரர் தந்த நாள், நீங்களே தின்னுங்கோ" என்று எழும்பிப் போய்விடுவார்.

இதனால் வந்த பழக்கம் ஒன்று அவரிடம் உண்டு. எதையும் ஒன்றாக வைத்திருக்கமாட்டார். வீட்டில் எல்லாப் பத்திரங்களுக்கும் பிரதி எடுத்து ஒரு கட்டைக் கொழும்புத்துறையில் சித்தி வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். அலுவலகத்துச் சேவரிலும் அப்படியே. பரிசோதனைச் சேவரை முழுசாகப் பிரதி எடுத்துத் தன் லப்டொப்பில் வைத்திருப்பார். காலையில் வந்து இருந்ததும் அதை ஒருமுறை எழுப்பி, சரியாக எழும்புகிறதா என்று பார்த்து, பிறகு திரையின் ஒரு மூலையில் சிறிதாக்கி விட்டுவிடுவார். மத்தியானம் தாய்க்குச் சாப்பாடு கொடுக்க ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போவார். லப்டொப் கூடவே போகும். ஒருநாளும் மேசையில் விட்டுப் போனதில்லை. எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் இதைப் பெரிதாக எண்ணியதில்லை.

அவருக்கும் ஜெயதீபனுக்கும் ஒத்துவராது. ஜெயதீபன் உடுப்பிட்டிக்காரர், எங்கள் மென்பொருள் பிரிவின் தலைவர், நன்றாகச் சிரிப்பார். ஒருமுறை இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டபோது அவர் சிரித்தபடியே, "இது ஒபிஸ், மீன் சந்தையில்லை" என்றார். குருநகர்ப் பெண்ணிடம் மீன் சந்தை என்று சொன்னால் அது சத்தத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பெர்னடெட் அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. "மீன் சந்தையிலை அழுகினதை உடனை தூக்கி வெளியிலை எறிவினம்," என்றார். "இஞ்சை அதைத்தான் தலைவராக்குவினம்."

அதன் பிறகு அவர்கள் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். அதுவும் பெரும்பாலும் வேறு யாருடைய பெயரையாவது சொல்லி.

தனுஷிகா வந்தது இந்தச் சூழலுக்குள். வட்டுக்கோட்டைப் பெண், படிப்பு முடித்து முதல் வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மென்பொருளைப் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. அதற்காகச் சில வி.எம்.கள் அவளுக்கென்று வேண்டியிருந்தன. அவற்றுக்கு முகவரியை அவளே கையால் எழுதிப் போட ஜெயதீபன் அனுமதி கொடுத்தார், பெர்னடெட் அக்காவைக் கேட்காமலே. ஒரு திங்கட்கிழமை அவள் தன் வி.எம்.களை ஓடவிட்டாள்.

அதே திங்கட்கிழமை பரிசோதனைச் சேவர் கெட்டது.

முழுதாகக் கெட்டிருந்தால் பரவாயில்லை. அது வந்தது, போனது. ஒரு பக்கம் திறக்கும், அடுத்த பக்கம் தொங்கும். உள்ளே போனவரை வெளியே தள்ளிவிடும். நேற்றுப் பதிந்தது இன்று இருக்காது, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் இருக்கும். நோர்வேயிலிருந்து ஒரு பெண்மணி மிக மரியாதையாக மின்னஞ்சல் எழுதினார். அடுத்ததில் மரியாதை குறைந்தது. வெள்ளிக்கிழமை அவர்களுடைய பெரியவர்கள் எல்லாரும் இருந்து பார்த்து, ஒப்பந்தத்தை நீட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பதாக இருந்தது.

பெர்னடெட் அக்கா செவ்வாய் முழுக்க அதோடு கிடந்தார். ஒரே முகவரியை இரண்டு இயந்திரம் பிடித்துக்கொண்டு இழுபடுவது போலத்தான் அதன் குணம் இருந்தது. அதற்கு ஒரு வழமையான சோதனை உண்டு. முகவரி நாங்கள் கொடுப்பது, மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அது உண்டானபோதே பதிந்த ஓர் இலக்கம் இருக்கிறது, வன்பொருள் இலக்கம். இந்த முகவரி யாருடையது என்று வலையமைப்பில் கேட்டால், உரியவர் தன் வன்பொருள் இலக்கத்தைச் சொல்லுவார். இரண்டு வேறு இலக்கங்கள் பதில் சொன்னால் கள்ளன் அகப்பட்டான். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே இலக்கம்தான் வந்தது. அது பரிசோதனைச் சேவரின் சொந்த இலக்கம். ஆகவே இரண்டு பேர் இல்லை என்று முடிவு கட்டினார். வேறு எவரோ வலையமைப்பில் பிழையாக ஏதோ எழுதி வைத்துக் குழப்புகிறார்கள் என்றால், கையால் எழுதியவர் அங்கே ஒருவர்தான்.

தனுஷிகாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். "நீர் எழுதினதையெல்லாம் காட்டும்" என்றார். அவள் காட்டினாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, பிழை காணாமல், பிழை காணாத கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். சேவர் திருந்தவில்லை. திரும்பவும் அழிக்கச் சொன்னார். இப்படியே நடந்தது. கடைசியில் அவருடைய 'நீர்' எப்போது 'நீ' ஆனது என்று கவனித்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். தனுஷிகாவும் கவனித்திருக்கிறாள், பிறகு தெரிந்தது.

பின்னேரம் அவள் மாடிப்படியில் இருந்து தாயோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் தேநீர் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன், அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கனடாவில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. மகளுக்கு வேலை இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று மாமாவிடம் தாய் அடித்துச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார். மாத முடிவில் நிரந்தரக் கடிதம் வரவேண்டும். வராவிட்டால் தாய்க்குச் சொல்ல வேறு காரணம் இல்லை. "பெர்னடெட் அக்கா என்னை வேலையாலை அனுப்பத்தான் நிக்கிறா, அம்மா" என்றாள். படியில் எனக்கு வழி விட்டாள். அழவில்லை.

புதன்கிழமை காலை பொன்னம்பலம் ஐயா எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் முதலாளி. நோர்வேயின் பேர்கன் நகரில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அறையை அந்த ஊர் மாதிரியே குளிராக வைத்திருப்பார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதையால் மட்டும் அல்ல. வெள்ளிக்கிழமைக்குள் இது சரிவராவிட்டால் எத்தனை பேர் வீட்டில் இருக்கவேண்டி வரும் என்று சொன்னார். பிறகு, பிழை யாருடையது என்று கேட்டார்.

ஜெயதீபன் சேவர் விஷயம் தன்னுடையது அல்ல என்றார். பெர்னடெட் அக்கா, தன்னைக் கேளாமல் முகவரி எழுத விட்டால் அது யாருடைய விஷயம் என்று கேட்டார். பின்பு தனுஷிகாவைப் பார்க்காமல் அவள் பக்கம் கையைக் காட்டினார்.

"உவள் தன்ரை மிஷினுகளை ஏத்தின அண்டைக்குத்தான் உது தொடங்கினது. அதுக்கு முதல் ஒரு நாளும் இல்லை."

தனுஷிகா ஐயாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். மத்தியானத்தில் சேவர் நன்றாக வேலை செய்கிறது. திங்களும் செய்தது, செவ்வாயும் செய்தது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகும் செய்கிறது. தன்னுடைய வி.எம்.கள் அந்த நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தன்னால் என்றால் அந்த நேரமும் அல்லவா கெடவேண்டும்?

ஜெயதீபன் சிரித்தார். "சரியாத்தான் சொல்லுறாள். மத்தியானம் ஆர் ஒபிசிலை இல்லை? பெர்னடெட் வெளிக்கிட்டுப் போனா சேவர் மூச்சு விடுது, வந்தா மூச்சை அடக்குது. அதுக்கும் பயம்போல."

ஐயாவும் சிரித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று. பெர்னடெட் அக்காவின் கழுத்து நரம்பு எழும்பியதை நான் கண்டேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாவிட்டால் பொல்லாத கோபம் என்று அர்த்தம்.

"நல்லது," என்றார். "இனி நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை. சுவிட்சைக் கேக்கிறன். ஆரின்ரை மேசையிலை இருந்து இது வருதெண்டு அது சொல்லும். ஆரின்ரை மேசையோ, அவை அண்டைக்கே வேலையை விட்டு வீட்டை போகோணும். ஐயா, இது சம்மதமோ?"

ஐயா யோசித்தார். ஜெயதீபன் சம்மதம் என்றார், அவரைக் கேட்காமலே. ஐயாவும் ஓம் என்றார். தனுஷிகாவை ஒருவரும் கேட்கவில்லை.

சுவிட்ச் என்பது எல்லா மேசைகளிலிருந்தும் வரும் வயர்கள் கூடுகிற பெட்டி. எந்த வன்பொருள் இலக்கம் எந்த வயர்வழி கடைசியாகக் குரல் கொடுத்ததோ, அந்த வயரிலேயே அதற்கு வருகிற தகவல்களை, கடிதம் மாதிரி, அனுப்பும். அதற்கு வேறு அறிவு கிடையாது. பெர்னடெட் அக்கா வியாழன் காலை அதன் பதிவைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கதிரையில் பின்னால் சாய்ந்தார். முகத்தில் சந்தோஷம். மூன்று நாளில் முதல் முறையாக.

பரிசோதனைச் சேவரின் வன்பொருள் இலக்கம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. முதலாவது வயரில் இருந்தது, அது பெரிய இயந்திரத்தின் வயர், சரி. அடுத்த கணம் பதினோராவது வயரில். பிறகு திரும்ப முதலாவதில். கடிதங்கள் ஒருமுறை அங்கேயும் ஒருமுறை இங்கேயும் போயிருக்கின்றன. யாரோ சேவரைப் போலவே இன்னொன்றை, அதே வன்பொருள் இலக்கத்தோடு, தன் மேசையில் ஓடவிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே இலக்கத்தைச் சொன்னதால்தான் அவருடைய சோதனையில் ஒருவர் மட்டும் இருப்பதுபோல் தெரிந்தது.

"களவெடுத்து வச்சிருக்கினம்," என்றார், எல்லாருக்கும் கேட்க. "சேவரை அப்பிடியே."

பதினொன்று எந்த மேசை என்பது ஒருவருக்கும் தெரியாது. போன தைக்கு முன்னர் சுவருக்கு நிறம் அடித்தவர்கள் வயர்களில் ஒட்டியிருந்த இலக்கங்களை எல்லாம் உரித்துப்போட்டு, வயர்களைச் சுருட்டி ஒரே கட்டாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பதினோராவது வயரைக் கழற்றினால் யாருக்கு இணையம் போகிறதோ அவர்தானே என்று நான் மெல்லக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் திரும்ப மூடியது.

"கழட்டினா ஆள் உசாராகிடும். மூடி மறைச்சுப்போட்டு நான் ஒண்டும் அறியன் எண்டு நிக்கும். கையோடை பிடிக்கோணும்."

எல்லாரையும் எழும்பிச் சுவரோரமாக நிற்கச் சொன்னார். ஐயா தன் அறை வாசலுக்கு வந்தார். பெர்னடெட் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குள் குனிந்து, பதினோராவது வயரைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்தார். கட்டுகளை வெட்டி, அந்த ஒன்றை மட்டும் விடாமல் பிரித்துக்கொண்டு வந்தார். வலையில் சிக்கு எடுப்பவர் கை அப்படித்தான் போகும். குருநகர்க் கரையில் நான் பார்த்திருக்கிறேன். மற்ற நூல்களை அது தொட்டு விலக்குமே தவிர இழுக்காது.

வயர் சுவரோரமாகப் போனது. ஜெயதீபனின் மேசைக்குப் பின்னால் வந்ததும் பெர்னடெட் அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஜெயதீபனின் சிரிப்பு போயிருந்தது. வயர் அங்கே நிற்கவில்லை. என் மேசையைக் கடந்தது. யன்னலுக்குக் கீழே திரும்பியது. யன்னல் ஓரத்தில் தனுஷிகாவின் மேசை. அதற்கு அடியில் பெர்னடெட் அக்கா முழங்காலில் நுழைந்தார். வெளியில் தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்.

தனுஷிகா சுவரில் உள்ளங்கைகளை வைத்து நின்றாள். அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. தான் செய்யாத ஒன்றைத் தானே செய்துவிட்டேனோ என்று ஒரு மனிதருக்கு வருகிற யோசனை, அது முகத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்று கண்டேன். உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் எழுதிப் போட்ட முகவரிகளாக இருக்கலாம்.

மேசைக்கு அடியில் சிறிது நேரம் அசைவில்லை. பிறகு பாதங்கள் நகர்ந்தன. பெர்னடெட் அக்கா மறுபக்கத்தால் வெளியே வந்தார், வயர் இன்னும் விரலிடுக்கில். அவருடைய கை இப்போது மெதுவாகப் போனது. அங்கிருந்து அந்தச் சுவரில் மேசை ஒன்றுதான் மிச்சம். அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும். ஆனாலும் அவர் வயரை விடவில்லை. சுவரோரமாகக் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டே போய், தன்னுடைய மேசைக்கு மேல் அது ஏறுகிற இடத்தில் தானும் நிமிர்ந்து, தன்னுடைய லப்டொப்பின் பக்கத்தில் அது செருகியிருந்த இடத்தில் கையை வைத்தார்.

கீழே மருந்துக்கடையில் யாரோ மிச்சம் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

அவர் கதிரையில் இருக்கவில்லை. குனிந்து, மூலையில் சிறிதாகக் கிடந்த சாளரத்தைப் பெரிதாக்கினார். அவருடைய பிரதி. காலையில் எழுப்பிவிட்டபடி ஓடிக்கொண்டிருந்தது.

முந்திய கிழமைதான் அவருக்குப் புது லப்டொப் கொடுத்திருந்தார்கள். பழையதில் அந்தப் பிரதி லப்டொப்புக்கு உள்ளேயே அடைபட்டு ஓடியது, வெளி வலையமைப்பு அதைக் கண்டதில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை புதியதற்கு மாற்றியபோது நேராக வலையமைப்போடு இணையும்படி விட்டுவிட்டார். அது ஒன்று. மற்றது, ஒரு வி.எம்.மைக் கொண்டுவந்து புது இடத்தில் முதல்முறை எழுப்பும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இதை இடம் மாற்றினீர்களா, பிரதி எடுத்தீர்களா? பிரதி என்றால் அதற்குப் புதிதாக ஒரு வன்பொருள் இலக்கம் கொடுக்கும். இடம் மாற்றியது என்றால் பழையதையே விட்டுவிடும். நாங்கள் எல்லாரும் யோசியாமல் பிரதி என்போம். பெர்னடெட் அக்கா எப்போதும் இடம் மாற்றியது என்றுதான் சொல்லுவார். ஏன் என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, பிரதி எண்டா ஒரு இலக்கமும் மாறக்கூடாது, மாறினா அது வேறை ஆள் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"என்ரைதான்," என்றார் இப்போது, திரையைப் பார்த்தபடி.

மூடிவிட்டு, வேறு ஏதோ கோளாறு என்று சமாளித்திருக்கலாம். அவர் சொன்னால் எங்களில் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவர் அந்தச் சாளரத்தை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். பிரதியை நிறுத்தினார். என்னைப் பரிசோதனைச் சேவரைத் திறக்கச் சொன்னார். திறந்தது. பக்கம் பக்கமாகப் போனேன், ஓர் இடத்திலும் தொங்கவில்லை. அவர் திரும்ப எழுப்பினார். தொங்கியது. மறுபடி நிறுத்தினார். ஐயாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார்.

ஜெயதீபன் கையைத் தட்டினார், மெதுவாக, இரண்டு தரம். பொன்னம்பலம் ஐயா அவரை அடக்கினார். நிம்மதியில் அவருடைய முகம் தளர்ந்திருந்தது. கண்டுபிடித்தாயிற்றே, அது போதும், ஒரு சின்னப் பிழை, எல்லாருக்கும் வாறதுதான், அவரவர் வேலையைப் பாருங்கோ என்றார். எல்லாரும் கதிரைகளை இழுக்கத் தொடங்கினார்கள்.

தனுஷிகா மட்டும் சுவரை விட்டு அசையவில்லை.

"என்ரை மேசையிலை நிண்டிருந்தா நான் இப்ப பஸ்சிலை இருப்பன்," என்றாள். "அவவின்ரை மேசை எண்டபடியா சின்னப் பிழை. என்ன ஐயா?"

ஐயா அவளுடைய பெயரைச் சொல்லிக் கையை உயர்த்தினார், பொறு என்பது போல. அவளுக்கும் தனக்கும் இருக்கிற தூரத்தை அந்தக் கையால் காட்டினார். பெர்னடெட் அக்கா குறுக்கே கதைத்தார்.

"அவள் கேக்கிறது சரி. சொன்னது நான்."

மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். அது வரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். கைப்பையை எடுத்தார். லப்டொப்பை எடுக்கவில்லை. அதை அவர் மேசையில் விட்டு விலகியதை அன்றுதான் பார்த்தேன். ஐயா பின்னால் வந்து, பெர்னடெட், விசர் வேலை பாக்காதையும் என்றார். அவர் வாசலில் நின்று சொன்னது ஐயாவுக்கு அல்ல, அறைக்கு.

"பிரதி உதுக்குள்ளை கிடக்கு. சும்மா அழிச்சுப்போடாதேங்கோ. அழிக்கிறதெண்டா முதல் இன்னொண்டு எடுத்துவச்சிட்டு அழியுங்கோ."

தனுஷிகாவைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றார். "மத்தியானம் வேலை செய்யுதெண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார். "சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை" என்றாள் அவள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கூட்டி.

வெள்ளிக்கிழமை நன்றாக முடிந்தது. மாத முடிவில் தனுஷிகாவுக்கு நிரந்தரக் கடிதமும் சேவர் வேலையும் சேர்ந்தே வந்தன, வேறு ஆள் இல்லாதபடியால். அவள் யன்னல் ஓரத்தை விட்டுப் பெர்னடெட் அக்காவின் மேசைக்கு மாறினாள். ஜெயதீபன் அவளோடு பகிடி விட்டுப் பார்த்தார். பெர்னடெட் அக்காவைக் கேட்காமல் அவர் தன்னை முகவரி எழுத விட்டதால்தான் பழி தன்மேல் வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவர் இப்போது அவளிடமும் தேவைக்கு மட்டும் கதைக்கிறார்.

அடுத்த மாதம் ஐயா என்னைக் குருநகருக்கு அனுப்பினார். பெர்னடெட் அக்காவின் குளிர்ச்சட்டையும் தேநீர்க் கோப்பையும் அலுவலகத்தில் கிடந்தன. அவற்றைக் கொடுப்பது ஒரு சாட்டு. திரும்பி வரச் சொல்லிக் கேட்பதுதான் வேலை. கதைக்கத் தெரியாதவனை ஏன் அனுப்பினார் என்று தெரியவில்லை. அவர் திட்டினால் திருப்பித் திட்டமாட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

லூர்த்தம்மா கதவைத் திறந்தார். கந்தோரிலிருந்து வருகிறேன் என்று விளங்கியதும் என் கையிலிருந்த பையைத்தான் பார்த்தார். "சாமான் கொண்டுவந்தனீரோ, இல்லாட்டி ஏதும் காணேல்லையெண்டு தேடி வந்தனீரோ?" என்றார். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தடித்த பொலித்தீன் பை ஒன்று தொங்கியது. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

பெர்னடெட் அக்கா உள்ளே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். எழும்பி வரவில்லை. ஐயா சொன்னதை நான் சொன்னேன், எனக்கு முடிந்த மட்டும். கேட்டுவிட்டு, தான் சொன்னதை ஐயா திருப்பி எடுக்கத் தேவையில்லை என்றார். கோப்பையைக் கையில் எடுத்து விளிம்பைப் பார்த்தார், ஒரு சிறு உடைவு இருந்தது. அதுவும் நாங்கள் செய்ததுதானோ என்று கேட்டார். இல்லை என்றேன். அது முன்னமே இருந்தது என்று அவருக்கும் தெரியும்.

நான் படலையைத் திறக்கும்போது உள்ளேயிருந்து கேட்டார், "உவள் எங்கை இருக்கிறாள்? ஆரின்ரை மேசையிலை?"

"உங்கடை மேசையிலை, அக்கா."

விசைப்பலகைச் சத்தத்தோடு பதில் வந்தது.

"அந்த வயரின்ரை முனை தேஞ்சுபோச்சு. ஆட்டினா விடும். விட்டாப் பிறகு மற்றவன்ரை தலையிலை போடாமல் முதல் அதை மாத்தச் சொல்லும்."

மறுநாள் காலை தனுஷிகாவின் மேசைக்குப் போய் அதைச் சொன்னேன். சொன்னவரின் பெயரையும் சொன்னேன். அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"அவ போன அண்டைக்கே மாத்திட்டன்," என்றாள். "இப்ப என்ன, முகவரி கேக்க வந்தனீங்களோ?"